அனுப்பிய ஃபைலுக்குள் அனுப்பாத ஷீட்

2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் வட அயர்லாந்து காவல்துறைக்கு ஒரு தகவல் உரிமை மனு வந்தது. ஒவ்வொரு பதவியிலும் எத்தனை அதிகாரிகள், எத்தனை ஊழியர்கள் வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நம் ஊரில் ஆர்டிஐ போடுகிறவர்கள் அன்றாடம் கேட்பது போன்ற கேள்வி. பதிலுக்கு ஒரு சின்ன அட்டவணை போதும்.

அந்த அட்டவணையைத் தயாரிக்க, பணியாளர் விவரங்கள் இருக்கும் மென்பொருளிலிருந்து முழுப் பட்டியலையும் எக்செலில் இறக்கினார்கள். அதை வைத்து எண்ணிக்கை எடுத்தார்கள். வேலை முடிந்ததும், இடையில் கணக்குப் போட உதவிய ஷீட்களையெல்லாம் அழித்தார்கள். மூலப் பட்டியல் இருந்த ஷீட் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே தங்கிவிட்டது. சரிபார்ப்பும் நடந்தது, அப்போதும் அது யார் கண்ணிலும் படவில்லை. ஆகஸ்ட் 8ஆம் தேதி மதியம், இப்படிப்பட்ட மனுக்களையும் பதில்களையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடும் ஓர் இணையதளத்தில் அந்த ஃபைல் ஏறியது.

எண்ணிக்கை கேட்டவருக்கு 9,483 பேரின் பட்டியலே போய்ச் சேர்ந்தது. குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, எந்தப் பிரிவு, எந்த ஊரில் வேலை என்று காவல்துறையில் இருந்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். சுமார் இரண்டரை மணி நேரம் அது திறந்து கிடந்தது.

வேறு ஊராக இருந்தால் இதைச் சங்கடம் என்று சொல்லி நகர்ந்திருப்பார்கள். வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்க்கும் ஆயுதக் குழுக்கள் காவல்துறையினரைக் குறிவைப்பதால், அந்த வேலையில் இருப்பதைச் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாமல் வாழ்பவர்கள் உண்டு, குறிப்பாகக் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து சேர்ந்தவர்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஓமா நகரில், பணி நேரம் முடிந்து சிறுவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு துப்பறியும் அதிகாரி சுடப்பட்டிருந்தார். பட்டியல் அந்த ஆயுதக் குழுக்களின் கையில் இருப்பதாகச் சில நாள்களிலேயே காவல்துறைத் தலைவர் ஒப்புக்கொண்டார். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் பிறகு 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. மக்கள் வரிப்பணத்தில் ஓடும் துறை என்பதால் குறைத்த தொகை அது. இல்லாவிட்டால் 56 லட்சம் பவுண்டு போட்டிருப்போம் என்றும் சொன்னது.

வேலையிடத்தில் ஃபைல் பகிரும்போது எதையெல்லாம் ரகசியமாக வைக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். பாஸ்வேர்டு, சம்பள விவரம், வாடிக்கையாளர் பட்டியல், ஒப்பந்த விலை. யாருக்குத்தான் தெரியாது? வட அயர்லாந்தில் அந்த எக்செலைத் தயாரித்தவர்களுக்கும் பெயர்ப் பட்டியல் வெளியே போகக் கூடாது என்பது நன்றாகவே தெரியும். அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் எடுத்தார்கள். அனுப்பும் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. நான் பார்த்தவரை அலுவலகங்களிலிருந்து கசியும் விஷயங்களில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. கொள்ளையடிக்க யாரும் வருவதில்லை. நாமே உறையில் போட்டு, ஒட்டி, அனுப்பி வைக்கிறோம்.

எக்செலில் இதற்கு எத்தனை வழி இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் அலுவலகங்கள் ஓடுவதே எக்செலில்தான். ஷீட்டை மறைப்பது ஒரு வழி. ஷீட் பெயர் மேல் வலது கிளிக் செய்து ‘அன்ஹைட்’ கொடுத்தால் மறைத்தது திரும்ப வந்துவிடும். வரிசைகளையும் பத்திகளையும் மறைப்பது இன்னொன்று. ஃபில்டர் போடுவது மூன்றாவது. ஆபத்து அதிகம் அதில்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஃபில்டர் போட்டவருக்குத் தான் எதையோ மறைத்திருக்கிறோம் என்ற எண்ணமே வராது. மதுரைக் கிளை என்று ஃபில்டர் போட்டால் திரையில் மதுரைக் கிளை மட்டும் தெரியும். ஃபைலை அப்படியே மெயிலில் அனுப்பினால் கோவை, சேலம், திருச்சி எல்லாம் சேர்ந்தே போகும்.

இவற்றையெல்லாம்விட நுணுக்கமானது பிவட் டேபிள். பெரிய பட்டியலைச் சுருக்கி, துறைவாரியாக இத்தனை பேர், மாதவாரியாக இவ்வளவு தொகை என்று காட்டும் அட்டவணை அது. அதை உருவாக்கும்போது எக்செல் மூலப் பட்டியலின் நகல் ஒன்றைத் தனியாக உள்ளே சேமித்துக்கொள்கிறது. மூல ஷீட்டை நீங்கள் முழுவதுமாக அழித்தாலும் அந்த நகல் இருக்கும். பிவட் டேபிளில் ஒரு மொத்தத் தொகையின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால், அந்தத் தொகைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு வரியும் புது ஷீட்டில் விரியும். லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி 2012இல் மாட்டியது இதில்தான். வீட்டுவசதி குறித்த ஒரு தகவல் உரிமை மனுவுக்கு அனுப்பிய எக்செலில், பிவட் டேபிளுக்குப் பின்னால் 2,000 பேருக்கு மேல் உள்ள பட்டியல் இருந்தது. 70,000 பவுண்டு அபராதம். அந்தப் பதில் வெளியானதும், 11 ஆண்டுகள் கழித்து வட அயர்லாந்து ஃபைல் ஏறிய அதே இணையதளத்தில்தான். நடுவில் எத்தனை சுற்றறிக்கைகள் போயிருக்கும்.

எக்செலில் போட்ட வரைபடத்தைப் பவர்பாயிண்டில் ஒட்டும்போதும் இதே கதைதான். ஒட்டும் முறையில் ஒன்று, வரைபடத்தோடு அதன் எக்செல் ஃபைல் முழுவதையும் உள்ளே வைத்துவிடும். பார்ப்பவருக்கு நான்கு கம்பங்கள் உள்ள படம். அதன் மேல் வலது கிளிக் செய்து தரவைத் திருத்து என்று கொடுத்தால் முழு ஃபைலும் திறக்கும். படமாக ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

நான் ஒருமுறை கொட்டேஷன் கேட்டிருந்த ஒரு பார்ட்டியிடமிருந்து இப்படி ஒரு எக்செல் வந்தது. பெயர் வேண்டாம். முதல் ஷீட்டில் எங்களுக்கான விலை. பக்கத்திலேயே இன்னொரு ஷீட், மறைக்கக்கூட இல்லை, மறந்துவிட்டிருந்தார்கள்: அவர்களுக்கு அடக்க விலை எவ்வளவு, இதே பொருளை வேறு இரண்டு நிறுவனங்களுக்கு என்ன விலைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்ற கணக்கு. ஃபோன் செய்து சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் சில நொடிகள் பேசவே இல்லை. பிறகு, “சார், இத எங்க எம்.டி.கிட்ட சொல்லிடாதீங்க” என்றார். நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த பயத்தை மறக்க முடியவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

ஷீட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறேனே என்று சிலர் சொல்வார்கள். ஷீட் பாதுகாப்பு என்பது யாரும் தவறுதலாக எண்களை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. எக்செல் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதைப் பிரித்து ஒரு வரியை எடுத்துவிட்டால் அந்தப் பூட்டு போய்விடும். ஃபைலையே திறக்கவிடாமல் கேட்கும் பாஸ்வேர்டு வேறு. அது உள்ளே இருப்பதை முழுவதும் குறியாக்கம் செய்கிறது. இரண்டையும் ஒன்று என்று நினைத்துச் சம்பள ஷீட்டைப் பூட்டி அனுப்புகிறவர்கள் நிறைய.

பிடிஎஃப் ஆக்கிவிட்டால் தப்பித்தோம் என்பது அடுத்த நம்பிக்கை. மறைத்த ஷீட் பிடிஎஃப்பில் வராது, அது உண்மைதான். ஆனால் பிடிஎஃப்பில் ஒரு வரியை மறைக்க அதன் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால், எழுத்து பெட்டிக்குக் கீழே பத்திரமாக இருக்கும். 2019 ஜனவரியில் பால் மேனஃபோர்ட் வழக்கில் அவருடைய வழக்கறிஞர்களே நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனு அப்படித்தான் இருந்தது. டொனால்ட் டிரம்பின் தேர்தல் பிரசாரத்துக்குத் தலைமை தாங்கியவர் மேனஃபோர்ட். செய்தியாளர்கள் கறுப்புப் பட்டையைத் தேர்வு செய்து, நகலெடுத்து, வேறு பக்கத்தில் ஒட்டினார்கள். ரஷ்ய உளவுத்துறைத் தொடர்பு இருப்பதாகச் சொல்லப்பட்ட கான்ஸ்டன்டின் கிலிம்னிக் என்பவருடன் மேனஃபோர்ட் தேர்தல் கருத்துக்கணிப்பு விவரங்களைப் பகிர்ந்தார் என்று விசாரணை அதிகாரிகள் சொல்வது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரியில், ஐரோப்பிய ஆணையம் அஸ்ட்ராஜெனெகா நிறுவனத்துடன் போட்ட தடுப்பூசி ஒப்பந்தத்தை வெளியிட்டது. பக்கங்களில் கறுப்பு சரியாகவே அடிக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டில் வரும் புக்மார்க் பட்டியலில் மட்டும், மறைத்த பகுதிகளில் சில அப்படியே எழுத்தாக நின்றன.

மறைக்க வேண்டியதை அழிப்பதற்கென்றே சில பிடிஎஃப் மென்பொருள்களில் தனி வசதி இருக்கிறது. அது இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி: வேர்டிலேயே அந்தச் சொற்களை நீக்கி, அந்த இடத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று எழுதி, அப்புறம் பிடிஎஃப் ஆக்குவது. முடித்ததும் முழுவதையும் தேர்வு செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நோட்பேடில் வருவது எல்லாம் பெறுபவருக்கும் வரும்.

வேர்டு ஃபைல் தன்னைத் தொட்டவர்களின் பெயரையும் நினைவில் வைத்திருக்கும். 2003 பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் அலுவலகம் இராக் பற்றி ஓர் அறிக்கையை வேர்டு ஃபைலாகவே வெளியிட்டது. கடைசியாக யார் யார் அதைத் திருத்திச் சேமித்தார்கள் என்ற பட்டியல் உள்ளேயே இருந்தது. உளவுத்துறை அறிக்கை என்று நம்பப்பட்டதில் செய்தித் தொடர்பு ஊழியர்களின் பெயர்கள். அன்றைய வேர்டை விட இன்றைய வேர்டு இதில் கொஞ்சம் நல்ல பிள்ளை. ஆனாலும் எழுதியவர் பெயர், கடைசியாகச் சேமித்தவர் பெயர், ஓரத்துக் குறிப்புகள், திருத்தச் சுவடுகள் எல்லாம் நாம் நீக்காதவரை இருக்கும். ‘இந்த விலைக்கே அவர் ஒத்துக்கொள்வார், இதற்கு மேல் இறங்காதே’ என்று மேலாளர் ஓரத்தில் எழுதிய குறிப்போடு ஒப்பந்த வரைவு எதிர்த் தரப்புக்குப் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வேர்டிலும் எக்செலிலும் ஃபைல் பட்டியில் இன்ஃபோ என்ற இடத்தில் ஆவணத்தைச் சோதிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. குறிப்புகள், மறைத்த ஷீட்கள், பெயர்கள் எல்லாவற்றையும் அது தேடிக் காட்டும். பத்து ஆண்டு எக்செலில் ஊறியவர்களில்கூட அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோனில் எடுத்த படத்தில் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். மெக்காஃபி வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி 2012இல் தலைமறைவாக இருந்தபோது, குவாத்தமாலாவில் இருக்கிறார் என்பது ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்திலிருந்துதான் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும். டாக்குமென்ட் என்று அனுப்பினால் அப்படியே போகும். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி அனுப்பினால் வெட்டியது போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். 2023 மார்ச்சில், கூகுள் பிக்சல் ஃபோன்களில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்களில் வெட்டுப்பட்ட பகுதியைப் பெருமளவு மீட்க முடியும் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். விண்டோஸ் 11இன் படம் வெட்டும் கருவியிலும் அதே குறை இருந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். வேர்டிலும் பவர்பாயிண்டிலும் படத்தை வெட்டும்போது, வெட்டிய பகுதியை நீக்கு என்று தனியாகச் சொன்னால்தான் நீங்கும் என்பது இன்றும் அப்படியேதான்.

நம் அலுவலகங்களுக்கு வருவோம். இங்கே அதிகம் பகிரப்படும் ஃபைல் எது என்று கேட்டால், ஆதார் நகல் என்றுதான் சொல்வேன். வேலைக்குச் சேரும்போது ஆதார், பிஎஃப்புக்கு ஆதார், ஹோட்டல் அறை எடுக்க ஆதார், ஒப்பந்தத் தொழிலாளருக்கு கேட் பாஸ் எடுக்கவும் ஆதார். வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர் பார்க்க, ‘சார், என் ஆதார்’ என்று ஒருவர் போடுவார். அடுத்த ஐந்து நிமிடத்தில் பத்து பேருடையது வரிசையாக விழும். அந்தக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் ஃபோனிலும் அது இறங்கும். அவர்கள் வேலையை விட்டுப் போன பின்னும் அந்த ஃபோன் கேலரியில் இருக்கும்.

எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முழு எண் தேவைப்படாத இடங்களில் அதைக் கொடுத்தால் போதும். அப்படி இறக்காமல் பழைய அட்டையைப் படம் எடுத்து, எண்ணின் மேல் விரலால் கோடு போட்டு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் கியூஆர் கோடு அப்படியே இருக்கிறது. பழைய அட்டைகளின் கியூஆர் கோடில் முழு ஆதார் எண்ணே எழுத்தாக இருக்கும். புதியவற்றில் எண் இல்லாவிட்டாலும் பெயர், பிறந்த தேதி, முகவரி இருக்கின்றன. மறைப்பதென்றால் அதையும் சேர்த்து மறைக்க வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது நாம் பாஸ்வேர்டு போடும் முறை. ஆதார் பிடிஎஃப்பைத் திறக்க, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். சம்பளச் சீட்டைத் திறக்கப் பல இடங்களில் பான் எண், சில இடங்களில் பிறந்த தேதி. வங்கிக் கணக்கு அறிக்கைக்கும் ஏறக்குறைய இப்படித்தான். இந்தப் பெயர், பிறந்த தேதி, பான் எண் மூன்றும் ஒரே வரிசையில் எங்கே இருக்கும்? ஹெச்.ஆர். வைத்திருக்கும் பணியாளர் எக்செலில். ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதா மாதம் போகும் மெயிலில். அந்த ஒரு எக்செல் தவறான கைக்குப் போனால், தனித்தனியாகப் பூட்டி அனுப்பிய நூறு பிடிஎஃப்களின் சாவிக்கொத்தும் கூடவே போகிறது. அதனால், ரகசியமானவை என்று பட்டியல் போடச் சொன்னால் நான் சம்பளத்தை முதலில் எழுத மாட்டேன். பிறந்த தேதியும் பான் எண்ணும் சேர்ந்து நிற்கும் எந்த ஃபைலையும்தான் முதலில் எழுதுவேன்.

பெயரை எடுத்துவிட்டால் யார் என்று தெரியாது என்பதும் பாதி உண்மை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990களில் அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலர் கொடுத்து வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்து ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பையே எடுத்துக் காட்டினார். அலுவலகத்தில் இது இன்னும் எளிது. ‘பெயர் இல்லாத கருத்துக் கணிப்பு’ என்று சொல்லி, கிளை, துறை, ஆண் பெண், எத்தனை ஆண்டு அனுபவம் என்று நான்கு பத்திகளோடு பகிர்ந்தால், திருநெல்வேலிக் கிளை அக்கவுண்ட்ஸில் 12 ஆண்டு வேலை பார்க்கும் பெண் யார் என்று அங்கே டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். அவர் மேலாளரைப் பற்றி எழுதிய குறை, கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும்.

சரி, ஃபைலே அனுப்பாமல் லிங்க் கொடுத்தால்? ஒரு வகையில் லிங்க் நல்லது. தவறு நடந்தால் திரும்பப் பெறலாம். மெயிலில் போன ஃபைலைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் கூகுள் டிரைவில் ‘லிங்க் உள்ள யாரும்’ என்று வைத்தால், அந்த லிங்க்கே சாவி. யாரிடம் சாவி இருக்கிறது என்று கணக்கு கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒருவர் இன்னொருவருக்குத் தள்ளுவார், அவர் தன் குழுவில் போடுவார். அவசரத்தில் திறந்து கொடுத்ததை வேலை முடிந்தபின் மூடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கூகுள் ஷீட்டில் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தாலும், நகலெடுக்கத் தடை போடாவிட்டால், பெறுபவர் ஒரு நகல் எடுத்து மறைத்த ஷீட்டைத் திறந்துகொள்ளலாம். திருத்தும் அனுமதி கொடுத்தால் பழைய பதிப்புகளும் சேர்ந்தே தெரியும்: நீங்கள் நேற்று எழுதி இன்று அழித்த வரி உட்பட.

லிங்க் எவ்வளவு தூரம் திறக்கும் என்பதை அதைத் தயாரிக்கும் நிறுவனமே தவறவிட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிப் பிரிவு, படங்களை அடையாளம் காணும் மென்பொருள் மாதிரிகளை எல்லாரும் இறக்கிக்கொள்ள, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு லிங்க் போட்டது. ஒரு கோப்புறைக்குப் போட்டதாக நினைத்த அனுமதி, முழுச் சேமிப்புக் கணக்குக்கும் இருந்தது. 38 டெராபைட். இரண்டு ஊழியர்களின் கணினிகளில் இருந்த எல்லாவற்றின் நகலும் அதில்: பாஸ்வேர்டுகள், சாவிகள், அலுவலக உரையாடலில் 30,000க்கும் மேற்பட்ட செய்திகள். போதாததற்கு, பார்க்க மட்டும் அல்லாமல் மாற்றவும் அழிக்கவும் அனுமதி இருந்தது. லிங்க்கின் காலாவதியை 2051 வரை நீட்டியிருந்தார்கள். 2020இல் போட்டதை 2023 ஜூனில் விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் மூடினார்கள். அனுமதியின் அளவும் காலாவதித் தேதியும் லிங்க் கொடுக்கும் திரையிலேயே இருப்பவை. அந்த இரண்டையும் படிக்க ஆகும் நேரம் அரை நிமிடம்.

யாருக்கும் அனுப்புவதாக நினைக்காமலே அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. பிடிஎஃப்பைச் சேர்க்க, சுருக்க, மொழிபெயர்க்க என்று இலவசத் தளங்களில் ஏற்றுகிறோமே, அதுவும் ஃபைல் பகிர்வுதான். நார்வேயின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்ஆயில் 2017இல் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. இலவச மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றில் ஒட்டப்பட்ட உரைகள் கூகுள் தேடலில் கிடைத்தன. ஒப்பந்தங்கள், வேலைநீக்கக் கடிதங்கள், பாஸ்வேர்டுகள்கூட அதில் இருந்தன. இன்று அந்த இடத்தில் சாட்ஜிபிடி போன்றவை வந்திருக்கின்றன. சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் மென்பொருள் நிரலை அதில் ஒட்டி உதவி கேட்டது தெரியவந்ததும், 2023 மே மாதம் அந்த நிறுவனம் ஊழியர்களுக்கு இத்தகைய கருவிகளைத் தடை செய்தது. ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும், அலுவலகம் அதற்கான கருவியைக் கொடுக்கவில்லை, கையில் கிடைத்ததைப் பயன்படுத்தினார்கள். தடை போடும் நிறுவனம் மாற்று வழியையும் கொடுக்காவிட்டால், அடுத்த மாதம் சொந்த ஃபோனில் அதையே செய்வார்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? பல ஆண்டுகளாக நான் செய்வது ஒன்றுதான். வேலை பார்த்த ஃபைலை வெளியே அனுப்புவதில்லை. புதிதாக ஒரு வெற்று ஃபைல் திறந்து, பெறுபவருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் எண்களாக, ஃபார்முலா இல்லாமல், ஒட்டி அனுப்புகிறேன். இருப்பதிலிருந்து நீக்கிக்கொண்டே போனால் எது மிச்சம் இருக்கிறது என்று கடைசிவரை சந்தேகம் இருக்கும். வெறுமையிலிருந்து சேர்த்துக்கொண்டே போனால் சேர்த்தது மட்டும்தான் இருக்கும். வட அயர்லாந்து சம்பவத்துக்குப் பிறகு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: தகவல் உரிமைப் பதில்களில் மூல எக்செலை ஏற்றுவதை உடனே நிறுத்துங்கள், சிஎஸ்வி போன்ற எளிய வடிவத்தில் கொடுங்கள். சிஎஸ்வி ஃபைலில் ஒரே ஒரு ஷீட்தான் இருக்க முடியும். பிவட் நகல், குறிப்புகள் எதற்கும் இடமில்லை. மறைத்த வரிசைகள் மட்டும் அதிலும் வரும், ஆனால் வெளிப்படையாகவே வரும். திறந்து பார்த்தால் கண்ணில் பட்டுவிடும்.

இந்தக் கவனத்தை ஊழியரின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை. மாலை ஆறரை மணிக்கு, ‘ஐந்து நிமிடத்தில் அனுப்பு’ என்று ஃபோனில் நிற்கும் மேலாளருக்குத்தான் முதல் பொறுப்பு. சட்டமும் நிறுவனத்தைத்தான் கேட்கும். வட அயர்லாந்து ஃபைல் வெளியானதற்கு மறுநாள், 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி, நம் மாநிலங்களவை டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவை நிறைவேற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கடமைகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தகவல் கசிந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்ற உத்தரவு 2022 முதலே இருக்கிறது.

ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனம் சொல்ல வேண்டுமானால், அனுப்பிய ஊழியர் அதற்கு முன்பே தன் மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கொட்டேஷன் அனுப்பிய பெண்ணின் பயம் இங்கேதான் வருகிறது. சொன்னால் வேலை போகும் என்று நினைக்கும் ஓர் அலுவலகத்தில், தவறு நடந்தது முதலாளிக்குக் கடைசியாகத்தான் தெரியும். வட அயர்லாந்தில் அந்த ஃபைல் சில மணி நேரத்தில் இறங்கியதற்குக் காரணம், அதைக் கண்டவர்கள் உடனே சொன்னதுதான். அப்போதே அது பலர் கைக்குப் போய்விட்டது, ஆனாலும் பட்டியலில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியவர நாள் கணக்காகவில்லை. கார் நிறுத்தும் இடத்தை மாற்றலாம், வீட்டுக் கதவுக்குக் கேமரா போடலாம், வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாம்.

பிரிட்டன் பாதுகாப்புத் துறையில் நடந்தது வேறு. 2022 பிப்ரவரியில், பிரிட்டிஷ் படைகளுக்கு உதவிய ஆப்கானியர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதற்காக, ஒருவர் ஓர் எக்செலை வெளியே மெயிலில் அனுப்பினார். சுமார் 150 பெயர்கள் அனுப்புவதாக அவர் நினைத்தார். அந்த ஃபைலில் கண்ணுக்குத் தெரியாமல் 33,000 வரிகள் இருந்தன. தாலிபானிடமிருந்து தப்பிக்க விண்ணப்பித்த கிட்டத்தட்ட 19,000 பேரின் விவரங்கள். அதில் ஒரு பகுதி 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக் குழு ஒன்றில் வந்த பிறகுதான் துறைக்கே தெரிந்தது. உடனே அரசு நீதிமன்றத்துக்குப் போய், இப்படி ஒரு தடை இருக்கிறது என்பதைக்கூட யாரும் வெளியிட முடியாத தடையாணையைப் பெற்றது. பட்டியல் தாலிபான் கைக்குப் போய்விடக் கூடாது என்பது காரணம். 2025 ஜூலை 15ஆம் தேதி அது நீக்கப்பட்டது. மெயில் போன நாளிலிருந்து அதுவரை மூன்று ஆண்டுகளும் ஐந்து மாதங்களும். அந்தப் பட்டியலில் இருந்த பெரும்பாலானவர்களுக்கு, தங்கள் பெயர் வெளியே போய்விட்டது என்று அந்த நாள் வரை யாரும் சொல்லவில்லை.